சேரியின் சரித்திரம் எழும்பூரில் இருக்கிறது

பட்டா கேட்டு தாலுகா அலுவலகத்துக்குப் போகும் எந்தக் குடும்பத்திடமும் கேட்கப்படும் முதல் கேள்வி, "இந்த இடம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதுதான். ஊர்த் தெருக்காரர் பத்திரத்தை எடுத்து நீட்டுவார். சேரிக்காரர், "எங்க பாட்டன் காலத்திலிருந்து இங்கேதான் இருக்கிறோம்" என்பார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அலுவலக மேசையில் அந்த உண்மைக்கு மதிப்பில்லை. அங்கே காகிதம்தான் பேசும்.

தாம்பரம், வண்டலூர், மேடவாக்கம், கேளம்பாக்கம் வட்டாரத்தில் இன்று ஒரு சென்ட் நிலத்தின் விலை, நம் பாட்டன் ஆயுள் முழுக்க உழைத்துச் சம்பாதித்த கூலியைவிட அதிகம். ஏரிக்கரை, மேய்க்கால், தோப்பு எல்லாம் மனைகளாகிவிட்ட இந்தப் பகுதியில் காகிதம் இல்லாதவர்கள்தான் முதலில் வெளியேற வேண்டியிருக்கிறது. அப்படியானால் நம்மைப் பற்றிய காகிதமே இல்லையா? இருக்கிறது. அதுவும் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது நம் வீட்டுப் பெட்டியில் இல்லை. தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால், நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் ஒரு சிவப்புக் கட்டடம் நிற்கிறது. அதுதான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்று தொடங்கப்பட்டது. நம் வட்டாரத்தின் 250 ஆண்டுக் கணக்கு அங்கே கட்டுக்கட்டாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கணக்கை இதுவரை பெரும்பாலும் ஆய்வாளர்கள்தான் படித்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து செங்கல்பட்டைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் யாருடைய நிலம், யாருடைய வீட்டு மனை, யாருடைய கடன் எழுதப்பட்டிருக்கிறதோ, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அதைப் புரட்டவில்லை. அவர்கள் புரட்டத் தொடங்க வேண்டும் என்பதே இந்த வாரக் கட்டுரையின் வேண்டுகோள்.

செங்கல்பட்டுக்கு ஏன் இத்தனை காகிதம்?

தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் கைக்கு முதலில் வந்த பெரிய நிலப்பரப்பு நம்முடையது. 1763இல் ஆற்காடு நவாப் முகமது அலி, சென்னையைச் சுற்றியுள்ள பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். அந்த ஜாகீர்தான் பின்னாளில் செங்கல்பட்டு மாவட்டமானது. வரி வசூலிக்க வேண்டுமானால் எந்த ஊரில் எவ்வளவு நிலம், யாருக்கு என்ன பங்கு என்பது தெரிய வேண்டும். அதனால் கம்பெனி எழுதத் தொடங்கியது.

1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். ஊர்க் கணக்கர்கள் பனையோலையில் எழுதிய விவரங்களே அதற்கு அடிப்படை. எந்த ஊரில் எந்தச் சாதியார் வீடு எத்தனை, ஏரி எத்தனை, நஞ்சை புஞ்சை எவ்வளவு, களத்து மேட்டில் விளைச்சல் பிரியும்போது கோயிலுக்கு எவ்வளவு, கணக்குப்பிள்ளைக்கு எவ்வளவு, வெட்டியானுக்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் உண்டு. அந்த ஓலைகளில் ஒரு பகுதி இன்று தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1794 முதல் 1798 வரை இங்கே கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் 1799இல் மிக நீண்ட அறிக்கை ஒன்றைக் கொடுத்தார். 1816இல் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதினார். 1879இல் குரோல் என்ற அதிகாரி மாவட்டத்துக்கு ஒரு கையேடே தொகுத்தார்.

இத்தனை எழுத்தும் வரிக்காகவே எழுதப்பட்டது, நம் வரலாற்றைப் பதிவு செய்வதற்காக அல்ல. எனவே நிலத்துக்கு உரிமையாளர் என்று மிராசுதாரர் பெயர் வரும். அந்த நிலத்தை உழுது நட்டு அறுத்தவர் வேலையாளாக, பங்கு வாங்குபவராக, பெரும்பாலும் பெயர் இல்லாமல் வருவார். ஒரு ஊரைப் பற்றி இருபது பக்கம் எழுதியிருப்பார்கள். அதில் சேரிக்கு இரண்டு வரி இருக்கும். அந்த இரண்டு வரி கூட நமக்கு முக்கியம். இந்தச் சேரி நேற்று வந்த 'ஆக்கிரமிப்பு' இல்லை, கம்பெனி வரும்போதே இங்கே இருந்தது என்று அரசாங்கமே எழுதி வைத்த சாட்சி அது.

1891: ஒரு கலெக்டரின் குறிப்பு

இந்தக் காகிதங்களிலேயே நமக்கு மிகவும் வேண்டியது 1891ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அப்போது செங்கல்பட்டில் பொறுப்புக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அதில் அவர் சுட்டிக்காட்டிய செய்திகளை இன்றைய மாணவர்கள் அவசியம் அறிய வேண்டும்.

முதலாவது, பண்ணையடிமை முறை. 1843லேயே அடிமை முறையைச் சட்டம் அங்கீகரிக்காது என்று ஆகிவிட்டது. ஆனால் கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு தொகைக்காகத் தன்னையே ஈடு வைத்து எழுதிக் கொடுக்கும் படியாள்கள் அதன்பிறகும் இருந்தார்கள். தகப்பன் இறந்தால் கடன் மகன் தலையில் ஏறியது. சட்டப் புத்தகத்தில் ஒழிந்துவிட்ட அடிமைத்தனம் கடன் பத்திரத்தில் உயிரோடிருந்தது.

இரண்டாவது, வீட்டு மனை. சேரி இருக்கும் நத்தமே மிராசுதாரரின் பிடியில் இருந்தது. கூலி அதிகம் கேட்டால், வேறு ஊருக்கு வேலைக்குப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால், "வீட்டைக் காலி செய்" என்று சொல்ல அவரால் முடிந்தது. குடிசை போட்டவருக்கே அந்த மண்ணில் பாத்தியதை இல்லை என்றால் வேறெந்த உரிமையைக் கேட்டும் அவர் வாய் திறக்க முடியாது.

மூன்றாவது, தரிசு நிலம். அரசுத் தரிசைத் தர்க்காஸ்து மூலம் கேட்டு வாங்கலாம் என்று விதி இருந்தது. ஆனால் செங்கல்பட்டில் மிராசுதாரருக்கே முதல் உரிமை. சேரிக்காரர் மனு போட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பியும் பார்க்காத மிராசுதாரர் "எனக்கு வேண்டும்" என்று வந்து நிற்பார். நிலம் அவர் பெயருக்குப் போகும், அல்லது தரிசாகவே கிடக்கும். எப்படிப் போனாலும் மனு போட்டவருக்கு அது கிடைக்காது.

இந்தக் குறிப்பை வருவாய் வாரியமும் அரசும் ஒரு வருடம் விவாதித்தன. கடைசியில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி வருவாய்த் துறை அரசாணை எண் 1010 வெளியானது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கித் தரும் ஏற்பாட்டுக்கு அதுவே தொடக்கம். இப்படி நிபந்தனையோடு தரப்பட்ட நிலங்களைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். வருவாய்ப் பதிவேட்டில் அதன் பெயர் டி.சி. நிலம். தமிழ்நாடு முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது.

அதன் நிபந்தனை எளிமையானது. முதல் 10 ஆண்டுகள் யாருக்கும் விற்கவோ, அடமானம் வைக்கவோ, தானம் செய்யவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகு கைமாற்றினாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த இன்னொருவருக்குத்தான் கைமாற்ற வேண்டும். மீறினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. பஞ்சமி நிலம் என்றதும் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் இரக்கப்பட்டுக் கொடுத்தது என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அதே ஆண்டுகளின் மற்றக் காகிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்தப் பேச்சு நிற்காது. நிலம் கேட்டு மனு போட்டவர்கள் சேரி மக்கள். மிஷனரிகளைத் தேடிப் போய், மனு எழுதச் சொல்லி, கச்சேரிக்கு நடந்தவர்களும் அவர்கள்தான். சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆண்ட்ரூ பாதிரியார் சேரி மக்களைக் குடியமர்த்தி உருவாக்கிய மெல்ரோசாபுரம் இன்றும் இருக்கிறது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, இந்தக் குறைகளை அரசின் காதில் விழும்படி எழுதினார். அயோத்திதாசப் பண்டிதர் அதே காலத்தில் மேடைகளிலும் மனுக்களிலும் போராடினார். கீழிருந்து வந்த நெருக்கடி இல்லாமல் மேலிருந்து அந்த ஆணை வந்திருக்காது.

அதற்கு அடுத்த தலைமுறைக்கும் தடயம் இருக்கிறது. பரங்கிமலையில் பிறந்த எம்.சி.ராஜா 1920இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். சில ஆண்டுகளில் இரட்டைமலை சீனிவாசனும் அங்கே சென்றார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாருக்கும் பொது என்ற தீர்மானம் 1924இல் அவர் முயற்சியால்தான் நிறைவேறியது. அந்தச் சட்டமன்ற நடவடிக்கைகள் அச்சிட்ட தொகுதிகளாகவே கிடைக்கின்றன. அதே காலத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலமும் மனையும் பள்ளியும் தரும் பொறுப்பு தொழிலாளர் துறையிடம் வந்தது. ஆதிதிராவிடர் நலப் பள்ளியை நம் பெரியவர்கள் இன்றும் "லேபர் ஸ்கூல்" என்று சொல்வது அதனால்தான். உங்கள் ஊரில் அப்படி ஒரு பள்ளி இருந்தால், அதன் தொடக்கம் அந்தத் துறையின் காகிதத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கிராமம் வார்டு ஆனபோது

பதிவேட்டில் டி.சி. என்று எழுதப்பட்ட நிலம் இன்று எப்படி அடுக்குமாடி மனையாக நிற்கிறது? காகிதம் கைமாறிய வழியைப் பார்த்தால் விளங்கும்.

முதல் காரணம் வறுமை. கடனுக்கு நிலத்தை எழுதி வாங்குவது, கைநாட்டு வாங்கி ஏமாற்றுவது, அனுபவத்தைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் நிபந்தனை இருக்கும்போதே நடந்தன. நிபந்தனையைக் காப்பாற்ற வேண்டிய கிராம அதிகாரிகள் பெரும்பாலும் நிலம் வாங்கியவர்களின் உறவுக்காரர்கள்.

இரண்டாவது காரணம் பதிவேடு மாறியது. 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நில உடைமைப் பதிவேடுகளை மேம்படுத்தும் யு.டி.ஆர். திட்டம் நடந்தது. பழைய ஏக்கர், சென்ட் கணக்கு ஹெக்டேருக்கு மாறியது. உட்பிரிவு எண்கள் மாறின. பல இடங்களில் அப்போது அனுபவத்தில் இருந்தவரின் பெயரே பட்டாதாரராக ஏறியது, டி.சி. என்ற குறிப்பு விடுபட்டது என்பது தலித் நில உரிமை இயக்கங்கள் விடாமல் சொல்லிவரும் குற்றச்சாட்டு. இன்று கணினியில் நாம் பார்க்கும் பட்டா அந்த யு.டி.ஆர். பதிவின் வழித்தோன்றல். எனவே கணினியில் டி.சி. என்று வரவில்லை என்பதால் மட்டும் அது பஞ்சமி நிலம் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைப் பார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது காரணம் ஊரே மாறியது. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. விமானப்படைத் தளம், காசநோய் மருத்துவமனை, தொழிற்பேட்டைகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. கிராமம் பேரூராட்சியாகி, நகராட்சியாகி, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் அதில் சேர்ந்தன. நகர நில அளவை நடந்த இடங்களில் பழைய சர்வே எண் போய், வார்டு, பிளாக், நகர சர்வே எண் வந்தது. பாட்டன் வைத்திருந்த சீட்டில் ஒரு எண், பேரன் பார்க்கும் பதிவேட்டில் வேறொரு எண். இரண்டும் ஒரே இடம்தான் என்று காட்ட இரண்டையும் இணைக்கும் ஒப்பீட்டுப் பதிவு வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்பது பொதுமக்களுக்குத் தெரிவதில்லை.

நான்காவது காரணம் மாவட்டமே பிரிந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகம் நெடுங்காலம் சைதாப்பேட்டையில் இருந்தது. 1968இல் அது காஞ்சிபுரத்துக்குப் போனது. 1997இல் திருவள்ளூர் பிரிந்தது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஊர்கள் பழைய சைதாப்பேட்டை தாலுகாவைச் சேர்ந்தவை. ஆகவே தென்சென்னைப் புறநகரில் ஒரு ஊரின் பழைய காகிதத்தைத் தேடுகிறவர், "எங்களிடம் இல்லை, அங்கே போய்க் கேளுங்கள்" என்ற பதிலை நாலு அலுவலகத்தில் கேட்டுத் திரும்ப நேரலாம். அலைய முடியாத கூலிக்காரருக்கு இதுவே பெரிய தடைச் சுவர்.

காரணை சொன்ன பாடம்

காகிதத்தைத் தேடி எடுப்பதால் என்ன ஆகிவிடும் என்று சிலர் கேட்கலாம். அவர்கள் காரணையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பஞ்சமி நிலம் கைமாறிப் போனதை எதிர்த்து 1994இல் தலித் மக்கள் திரண்டார்கள். நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீசார் துப்பாக்கியால் சுட்டனர். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்களுக்கு அஞ்சலி செலுத்தப்படுகிறது.

1892இன் அரசாணை நூறு ஆண்டு கழித்து இரண்டு பேருடைய உயிரின் விலையில்தான் ஊர் ஊராகத் தெரியவந்தது. அதன்பிறகே 'எங்கள் ஊரிலும் டி.சி. நிலம் இருக்கிறதா?' என்ற கேள்வி தமிழகம் முழுக்கப் பரவியது. 2019இல் வந்த 'அசுரன்' படத்துக்குப் பிறகு பஞ்சமி நிலம் அரசியல் மேடைகளிலும் அடிபட்டது. ஆனால் மேடையில் பேசப்பட்ட அளவுக்குப் பதிவேடுகள் திறக்கப்படவில்லை.

காரணையிலிருந்து இரண்டு பாடம் கற்கலாம். காகிதம் மட்டும் நிலத்தைத் திருப்பித் தந்துவிடாது, அதற்கு மக்கள் சேர வேண்டும். அதே சமயம், காகிதம் கையில் இல்லாமல் மக்கள் சேர்ந்தால் அரசாங்கம் அதைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை என்று பெயரிட்டு முடித்துவிடும்.

எங்கே தொடங்குவது?

கல்லூரி மாணவர் ஒருவர் தன் ஊருக்காக இதைச் செய்யலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது.

முதலில் ஊரிலேயே தொடங்குங்கள். வயதான தாத்தா, ஆயா யாராவது இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். நிலத்தை அந்தக் காலத்தில் எந்தப் பெயரால் அழைத்தார்கள், எல்லையில் எந்தக் கிணறு, எந்த மரம், யாருக்கு எப்போது போனது என்பதைத் தேதியிட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய கந்தாய ரசீது, அடமானச் சீட்டு, ஒப்படைப் பட்டா எதுவாக இருந்தாலும் கைபேசியில் படம் எடுத்து வைத்துவிட்டு, அசலை உரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கிராம நிர்வாக அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் 'அ' பதிவேட்டைப் பாருங்கள். ஒவ்வொரு சர்வே எண்ணின் வகைப்பாடும் அதில் இருக்கும். குறிப்புப் பத்தியை விட்டுவிடாதீர்கள். டி.சி., நிபந்தனை ஒப்படை, ஆதிதிராவிடர் நத்தம் போன்ற சொற்கள் அங்கேதான் வரும். பிறகு யு.டி.ஆருக்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டைக் கேளுங்கள். புல வரைபடம் வாங்கி நிலத்தோடு ஒப்பிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டால் நிலம் யார் யாரிடம் கைமாறியது என்ற வரிசை தெரியும்.

கேட்டும் கொடுக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். 'எங்கள் நிலம் பற்றிய எல்லா விவரமும் தருக' என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ஊர் பெயர், தாலுகா, சர்வே எண், எந்தப் பதிவேடு, எந்தக் காலம் என்று துல்லியமாகக் கேளுங்கள். 'ஆவணம் இல்லை' என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரமாக வையுங்கள். அதை வைத்தே, 'அப்படியானால் அந்தப் பதிவேடு எங்கே போனது, எப்போது யாரிடம் ஒப்படைக்கப்பட்டது?' என்று அடுத்த மனுவைப் போடலாம்.

எழும்பூர் காப்பகத்துக்குப் போகிறவர்கள் ஆய்வு நோக்கத்தை எழுதி அனுமதி பெற வேண்டும். மாணவர்கள் கல்லூரியின் கடிதத்தோடு போவது நல்லது. வருவாய்த் துறை அரசாணைகள், வருவாய் வாரிய நடவடிக்கைகள், தொழிலாளர் துறைக் கோப்புகள், பழைய கெஜட்டுகள் ஆகியவற்றில்தான் நமக்கு வேண்டியது இருக்கும். கெஜட்டில் நில எடுப்பு அறிவிப்புகளைப் பாருங்கள். எந்த ஊரில் எந்த சர்வே எண் எதற்காக எடுக்கப்பட்டது, உரிமையாளர் யார் என்ற பட்டியல் அவற்றில் அச்சாகியிருக்கும். நம் வட்டாரத்தில் ரயிலுக்கும் விமானத்துக்கும் தொழிற்சாலைக்கும் போன நிலங்களில் நட்ட ஈடு பெறத் தகுதி யாருக்கு என்று எழுதப்பட்டது, அங்கே குடிசை போட்டிருந்தவர்களின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா, இல்லையா என்பதே ஒரு பெரிய ஆய்வுக்குப் போதும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய தமிழ் இதழ்களும் நூல்களும் கிடைக்கும்.

படிக்கும்போது தடுக்கும் சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடலாம். பழைய வருவாய்க் காகிதத்தில் ஆண்டு பசலியில் இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1302 என்றால் 1892 ஜூலை முதல் 1893 ஜூன் வரை. நிலம் காணியில் இருந்தால், செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு காணி என்பது 1 ஏக்கர் 32 சென்ட். யு.டி.ஆர். பதிவில் ஹெக்டேரில் இருந்தால், ஒரு ஹெக்டேர் 2 ஏக்கர் 47 சென்ட். ஊர்ப் பெயரை ஆங்கிலேயர் தம் வாய்க்கு வந்தபடி எழுதியிருப்பார்கள். ஒரே ஊருக்கு மூன்று எழுத்துக்கூட்டல் இருந்தால் குழம்ப வேண்டாம், மூன்றிலும் தேடுங்கள்.

காகிதம் சொல்லாதது

ஆவணத்தை நம்ப வேண்டும், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அதை எழுதியவர் கணக்குப்பிள்ளை, மணியக்காரர், அதிகாரி. சேரியின் பெயரை அவர்கள் ஊர்க் கணக்கில் எழுதிய விதத்திலேயே சாதி இருக்கிறது. பெண்கள் பெயர் அநேகமாக இருக்காது. நாற்று நட்டதும் களை பறித்ததும் அவர்கள்தான். ஆனால் பட்டாவில் இருப்பது ஆண் பெயர். ஏரி வெட்டிய கைகளின் பெயர் கல்வெட்டிலும் இல்லை, கெஜட்டிலும் இல்லை. ஆகவே எழும்பூரில் இருப்பதையும் ஆயா சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் ஆதாரம் பலமாகும். இரண்டும் மோதும் இடத்தில் ஏன் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாகச் சந்திக்க வேண்டும். பஞ்சமி நிலத்தில் போடப்பட்ட மனையை, அது தெரியாமல் வங்கிக் கடனில் வாங்கி வீடு கட்டிக் குடியிருக்கும் நடுத்தரக் குடும்பத்தை என்ன செய்வது? அவர்களும் ஏமாற்றப்பட்டவர்கள்தான். நமக்குப் பகை அவர்கள் அல்ல. ஆனால் அவர்களுடைய இக்கட்டைக் காட்டி மூல உரிமையாளரின் கணக்கை மூடிவிடவும் முடியாது. நிலத்தைத் திருப்பித் தர முடிகிற இடத்தில் திருப்பித் தர வேண்டும். முடியாத இடத்தில் அதே வட்டாரத்தில் மாற்று நிலமோ மனையோ தர வேண்டும். தெரிந்தே நிபந்தனையை மீறிப் பதிவு செய்து லாபம் பார்த்தவர்கள் மீது நடவடிக்கை வேண்டும். இதில் எதைச் செய்வதானாலும், முதலில் எந்த சர்வே எண் டி.சி. என்ற பட்டியல் வெளியே வந்தாக வேண்டும். அந்தப் பட்டியல் வெளியில் இருந்தால் மனை வாங்குகிறவரும் ஏமாற மாட்டார்.

அரசிடம் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின்படி டி.சி. நிலங்களின் பட்டியலை ஊர்வாரியாகத் தமிழில் வெளியிட வேண்டும். இரண்டு, நகர நில அளவை நடந்த பகுதிகளில் பழைய எண், புதிய எண் ஒப்பீட்டைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும். மூன்று, சைதாப்பேட்டை, காஞ்சிபுரம், செங்கல்பட்டு என்று சிதறிய பழைய மாவட்டக் காகிதங்கள் எந்த அலுவலகத்தில் எவை இருக்கின்றன என்ற விவரப் பட்டியலைச் செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகம் வெளியிட வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை, பெரிய செலவும் இல்லை. பதிவேட்டை மேசைக்கு எடுத்து வந்து பிரித்து வைத்தால் போதும்.

தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், அந்த மாநகராட்சிக்குள் வார்டுகளாகிவிட்ட சேரிகளின் நத்தக் கணக்கும் அங்கே விவாதத்துக்கு வர வேண்டும். மாநகராட்சிப் பகுதியில் இருப்பவர்கள் பகுதி சபைக் கூட்டத்தில் இதைக் கேட்கலாம். ஊராட்சிகளில் இருப்பவர்கள் கிராம சபையில் தீர்மானமாகவே கொண்டுவரலாம். 'எங்கள் ஊரின் 'அ' பதிவேட்டில் டி.சி. என்று குறிக்கப்பட்ட சர்வே எண்களை இந்தச் சபையில் வாசிக்க வேண்டும்' என்ற ஒரே வரி போதும். அந்த வரியை எழுதுவதற்கு முன், எண்கள் என்ன என்பதை உங்கள் ஊர் இளைஞர் ஒருவராவது போய்ப் பார்த்து வந்திருக்க வேண்டும்.